பைப் புகையிலையைப் பாடம் போட அரை பைன்ட் மேசன் ஜாடி: ஒன்பதாவது பொங்கலில் எழுதுவது

இந்த வருடம், 2025 தைப்பொங்கல் அன்று சாயந்திரம், 2016 ஆகஸ்டில் மூடி வைத்த 12 ஜாடிகளில் ஒன்பதாவதைத் திறந்தேன். திருகு வளையத்தைக் கழற்றின பிறகும் மேல் தகடு வரவில்லை, கண்ணாடியின் வாயைக் கவ்விக்கொண்டு நின்றது. ஸ்பூன் காம்பை ஓரத்தில் கொடுத்து லேசாக நெம்பினதும் "டக்" என்று விட்டது, உடனே வாசனை மேலே வந்தது. பாயசத்துக்குத் திராட்சையை நெய்யில் போட்டதும் அது உப்பி வரும்போது ஒரு வாசனை வருமே அது, அதற்குக் கீழே பழம்புளி, அதற்கும் கீழே வெயிலில் காய்ந்த வைக்கோல். மூடும்போது பழுப்பாக இருந்த புகையிலைப் பட்டைகள் கறுப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தன. ஒன்றை எடுத்து விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் மேலே பொடிப்பொடியாக மினுங்குகிறது, கல்கண்டைத் தட்டின தூளை ஊதிவிட்டது போல.

இந்த ஜாடியைப் பற்றி எழுத வேண்டும் என்று நாலைந்து வருடமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பாடம் போடுகிற, அதாவது மூடிவைத்துப் பக்குவப்படுத்துகிற, பாத்திரத்தைப் பற்றி ஒரு வருடத்தில் நல்லது கெட்டது சொல்லிவிட முடியாது. ஊறுகாய் ஜாடியைக்கூட இரண்டு கோடை தாண்டினால்தான் நம்பலாம். இப்போது ஒன்பது பொங்கல் பார்த்தாகிவிட்டது, சரி, எழுதலாம்.

பொருள் இதுதான்: பால் கம்பெனியின் அகன்ற வாய் அரை பைன்ட் மேசன் ஜாடி, கொள்ளளவு சுமார் 237 மில்லி. இந்தப் 'பால்' ஒரு குடும்பப் பெயர். ஐந்து சகோதரர்கள் 1880ல் பஃபலோவில் ஆரம்பித்து, பிறகு இந்தியானா மாநிலத்தில் உள்ள மன்ஸிக்குப் போய்ப் பெரிதாக்கின கம்பெனி. இன்று ஜாடிகள் நியூவெல் பிராண்ட்ஸ் கையில் இருக்கின்றன, கண்ணாடியில் பொறித்த பெயர் மட்டும் அதே பெயர். மேசன் என்பவர் 1858ல் கண்ணாடி ஜாடியின் கழுத்தில் திருகு மரை போட்டுக் காப்புரிமை வாங்கின ஜான் லாண்டிஸ் மேசன். அமெரிக்கக் குடும்பங்கள் தக்காளியையும் பீச் பழத்தையும் ஜாமையும் இதில்தான் வருடக்கணக்காகக் கட்டிவைத்தார்கள். பைப் பிடிக்கிறவர்கள் அதையே புகையிலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 12 ஜாடி உள்ள பெட்டி நான் வாங்கினபோதெல்லாம் 15 டாலருக்கு முன்பின்தான் வந்தது. ஒரு 50 கிராம் டின் ஃபிளேக், அதாவது பட்டையாகச் சீவின புகையிலை, ஒரு ஜாடியில் அளவெடுத்தது போல உட்காரும். வாய் குறுகின ஜாடியும் உண்டு, அதை வாங்க வேண்டாம், பட்டையை உடைக்காமல் வெளியே எடுக்க முடியாது.

நான் இருப்பது நியூ ஜெர்சி, எடிசன். கோடையில் பேஸ்மென்ட் சுவர் வியர்க்கும், குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் உதடு வெடிக்கும். புகையிலைக்கு இரண்டுமே ஆகாது. ஆகவே இங்கே ஒரு ஜாடி ஒன்பது வருடம் தாக்குப்பிடித்தால் அதற்கு மேல் சோதனை தேவையில்லை என்பது என் எண்ணம்.

பைப் பிடிக்காதவர்களுக்கு ஒரு கேள்வி வரும், புகையிலையை எதற்குச் சேர்த்துவைக்க வேண்டும் என்று. இரண்டு காரணம். ஒன்று, கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். 2016 ஆகஸ்ட் 8ஆம் தேதி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் புது விதி பைப் புகையிலைக்கும் நடைமுறைக்கு வந்தது, பிடித்த கலவைகள் எல்லாம் கடையை விட்டுப் போய்விடும் என்று ஆளாளுக்கு வாங்கிக் குவித்தார்கள், நானும் அந்த வாரம்தான் 12 டின் வாங்கினேன். அப்புறம் 2018ல் கன்சாஸ் சிட்டியின் மெக்லெலண்ட் புகையிலைக் கம்பெனி மூடியே விட்டது. அதே வருடம் டன்ஹில் பெயரில் வந்த பைப் புகையிலை நின்று, பிறகு அந்தக் கலவைகள் பீட்டர்சன் பெயருக்கு மாறின. 2024ல் டென்மார்க்கின் மாக் பேரன் கம்பெனியை ஸ்காண்டிநேவியன் டொபாக்கோ குரூப் வாங்கியது. இவ்வளவும் பார்த்த பிறகு, பிடித்ததை நாலு ஜாடி கட்டிவைப்பதைப் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். வைத்தால் நன்றாக ஆகிறது.

அம்மாவுடைய ஊர் வேதாரண்யம் பக்கம். அங்கே மணல் காட்டில் விளைகிறது வெற்றிலைக்குப் போடுகிற புகையிலை, பைப் புகையிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 'பாடம்' என்கிற வார்த்தையை நான் கற்றுக்கொண்டது அங்கேதான். இலையை உலர்த்தி, போராக அடுக்கி, மேலே பாயும் வைக்கோலும் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே சூடு ஏறும். தாத்தா காலையில் எழுந்ததும் போரின் நடுவில் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார், சூடு அதிகமானால் ஆளைக் கூப்பிட்டுப் பிரித்து அடுக்கச் சொல்வார், இல்லையென்றால் ஒன்றும் பேசாமல் காபிக்குப் போய்விடுவார். அந்தக் கை வைத்துப் பார்க்கிற வேலைதான் எல்லாம். யாழ்ப்பாணத்தில் இதற்கு மேல் ஒரு படி போய்க் குடிலில் அடைத்துத் தேங்காய் மட்டைப் புகை போடுவார்கள். சிரியாவின் துறைமுகப் பெயரைச் சுமந்துகொண்டு இன்று சைப்ரஸிலிருந்து வருகிற லட்டாக்கியா என்ற புகையிலை இலையும், மரத்தையும் செடிகளையும் எரித்த புகையில் கறுத்ததுதான், முதல் தடவை முகர்ந்தபோது எனக்கு ஏற்கெனவே தெரிந்த வாசனையாக இருந்தது.

ஜாடிக்குள் நடப்பதும் அந்தப் போரில் நடப்பதன் மெதுவான மிச்சம்தான். வர்ஜீனியா இலையைப் பறித்ததும் சூடான கொட்டகையில் ஒரு வாரம் போல வைத்து உலர்த்திவிடுகிறார்கள். சீக்கிரம் உலர்வதால் இலையில் இருக்கிற சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. பர்லி இலை காற்றில் வாரக்கணக்காகத் தொங்கி உலர்கிறது. இலை சாகும் வரை தன் சர்க்கரையைத் தானே தின்றுவிடுகிறது, கடைசியில் அதில் சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. ஆகவே பாடம் வருவதற்கு வர்ஜீனியாவில் சரக்கு இருக்கிறது, பர்லியில் குறைவு. சர்க்கரையும் இலையின் புரதச் சத்துகளும் சேர்ந்து மெல்ல மெல்ல நிறம் மாறுகின்றன, ரொட்டியின் மேல்பக்கம் சிவப்பதற்கு அடுப்பில் நடக்கிற அதே காரியம் இங்கே சூடில்லாமல் வருடக்கணக்கில் நடக்கிறது. கூடவே கொஞ்சம் நொதிப்பும் உண்டு. லூசியானா மாநிலத்தில் செயின்ட் ஜேம்ஸ் பாரிஷில் பீப்பாயில் போட்டு அழுத்தி, தன் சாற்றிலேயே ஊறவிட்டு எடுக்கிற பெரீக் என்ற புகையிலை வர்ஜீனியாவோடு சேர்ந்தால் இன்னும் நன்றாகப் பாடம் வரும். லட்டாக்கியா சேர்ந்த கலவைகள் மூன்று நாலு வருடத்தில் சாந்தமாகி நன்றாக இருக்கும், அதற்கு மேல் போகப்போகப் புகை வாசனை மங்கும். வனிலா, செர்ரி என்று மணம் ஏற்றினவற்றை வருடக்கணக்காக வைப்பதில் பயனில்லை, காலம் போனால் மேலே தெளித்த மணம்தான் குறையும்.

என் 12 ஜாடியும் ஒரே சரக்கு, இங்கிலாந்தின் கென்டல் ஊரில் 1792லிருந்து நடக்கிற சாமுவேல் கேவித்தின் ஃபுல் வர்ஜீனியா ஃபிளேக். ஃபிளேக் என்றால் இலையை அடுக்கி அழுத்திக் கட்டியாக்கி, அதை மெல்லிய பட்டைகளாகச் சீவினது. ஒரே சரக்கு, ஒரே நாள், ஒரே அளவு ஜாடி, வருடம் ஒன்று திறப்பது என்று வைத்துக்கொண்டேன், நாள் மறக்காமல் இருக்கப் பொங்கல். 2017ல் திறந்தது புது டின்னைப் போலத்தான் இருந்தது, வித்தியாசம் என்று சொன்னால் அது என் ஆசை. 2018லும் பெரிதாக இல்லை, பைப்பில் நாக்கைச் சுடுவது கொஞ்சம் குறைந்திருந்தது. 2019 ஜாடியில் வாசனை மாறியிருந்தது, புல் வாசனை போய் மாவு வாசனை, அடுப்பிலிருந்து இறக்கின பன்னைப் போல. அதற்குப் பிறகு 2021 வரை அது அப்படியே கனத்துக்கொண்டு போனது. 2021ல்தான் பட்டையின் மேல் மினுங்குகிற அந்தப் படிகத்தை முதலில் பார்த்தேன், பூஞ்சை என்று நினைத்து வயிறு கலங்கிவிட்டது, அதைப் பிறகு சொல்கிறேன். 2022, 2023 இரண்டையும் கண்ணைக் கட்டிக்கொண்டு முகர்ந்தால் எது எது என்று என்னால் சொல்ல முடியாது. 2024 ஜாடியில் திடீரென்று அந்தத் திராட்சை வந்தது, இந்த வருடம் அது முழுசாக இருக்கிறது. காத்திருக்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது, மூன்று வருடம் வையுங்கள், அங்கே முதல் மாற்றம் நிச்சயம் தெரியும், ஐந்தில் நல்ல பலன் கிடைக்கும், அதற்கு மேல் வைப்பது பொறுமை இருக்கிறவர்களுக்கு.

ஜாடி காற்றை விடுகிறதா என்று கண்டுபிடிக்க ஆடம்பரமான கருவி எதுவும் வேண்டாம், சமையலறைத் தராசு போதும். மூடின அன்றே ஜாடியோடு நிறுத்து, எடையைக் கண்ணாடியில் ஒட்டின மாஸ்கிங் டேப்பில் எழுதிவிடுவேன், ஒவ்வொரு பொங்கலுக்கும் எல்லாவற்றையும் மறுபடி நிறுப்பேன். எடை குறைந்தால் போனது தண்ணீர்தான். ஒன்பது வருடத்தில் மிச்சமிருக்கிற மூன்று மேசன் ஜாடியில் இரண்டில் குறைவே இல்லை, ஒன்றில் ஒரு கிராம், அதுகூடத் தராசின் பிசகாக இருக்கலாம். இதே தராசில்தான் மற்றவற்றின் கதையும் தெரிந்தது. கம்பி போட்டு அழுத்துகிற மூடியும் ரப்பர் வளையமும் உள்ள அழகான ஜாடிகள் நாலு ஒரு பெரிய வீட்டுச் சாமான் கடையில் வாங்கினேன், பார்க்க மேசனை விட லட்சணம், மூன்று வருடத்தில் 50 கிராமுக்கு 5 கிராம் போய்விட்டது, ரப்பர் காய்ந்து விறைத்திருந்தது, அதைவிடக் கொடுமை புகையிலையில் ரப்பர் வாசனை. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் இரண்டு மாதத்தில் 4 கிராம். பையை மூடி அலமாரியில் வைத்தாலும் அலமாரியைத் திறந்ததும் வாசனை வந்ததென்றால், அந்த வாசனை பையை விட்டு வந்ததுதானே.

திறக்காத டின்னில் அப்படியே விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வட்ட டின், உள்ளே காற்றை இழுத்து மூடினது, காசை ஓரத்தில் கொடுத்துத் திருப்பினால் "புஸ்" என்று திறக்குமே, அது பத்து வருடம் தாராளமாகத் தாங்கும். வர்ஜீனியா சில சமயம் உள்ளே வாயு விட்டு அந்த டின் மூடி உப்பிக்கூட நிற்கும், பயப்பட வேண்டாம். சதுர டின்னை நம்பக் கூடாது. மூலையில் மூடல் விடும், தகரத்தில் ஊசித்துளை அளவு துரு போதும். எந்தக் கம்பெனி என்று சொல்ல விரும்பவில்லை, ஆறு சதுர டின்னை நான் ஆசையாகப் பெட்டியில் அடுக்கி வைத்து நாலு வருடம் கழித்து எடுத்தால் இரண்டில் இருந்தது புகையிலை இல்லை, சருகு. விரலால் தொட்டதும் தூளாகிப்போனது. அன்றிலிருந்து சதுர டின் வீட்டுக்குள் வந்தால் அன்றே ஜாடிக்கு மாறும்.

வாக்குவம் போட்டுச் சீல் வைக்கிற பைகள் இடத்தை மிச்சப்படுத்தும், அதற்காகச் சிலர் விரும்புகிறார்கள். பட்டையை நசுக்கிவிடும் என்பது ஒரு குறை. பெரிய குறை வேறு. 2018ல் ஒரே டின்னைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைச் சும்மா ஜாடியில் போட்டு மூடினேன், மறு பாதியை ஜாடிக்கு மேல் பொருத்துகிற கருவியால் காற்றை உறிஞ்சிவிட்டு மூடினேன். 2022ல் இரண்டையும் திறந்தபோது காற்று இருந்தது நன்றாகக் கறுத்திருந்தது, காற்றில்லாதது கிட்டத்தட்ட வாங்கின அன்று இருந்தது போலவே. பாடம் வருவதற்கு ஆரம்பத்தில் கொஞ்சம் காற்று வேண்டும். ஜாடியில் மேலே ஒரு விரல் கனம் இடம் விட்டு, கையால் மெல்ல அழுத்தி மூடினால் போதும். உள்ளே இருக்கிற காற்றைப் புகையிலையே மெல்லத் தின்றுகொள்ளும், சில ஜாடிகளில் ஒரு மாதத்துக்குள் தகட்டின் நடுப்பகுதி தானாகவே கீழே இறங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். புத்தம் புதிதாகவே இருக்க வேண்டும் என்று விரும்புகிற கலவைக்கு வாக்குவம் நல்லது, பாடத்துக்கு வேண்டாம்.

சுருட்டு வைக்கிற மரப்பெட்டி பக்கமே போக வேண்டாம். அது சுருட்டுக்கானது. மரம் ஈரத்தை உறிஞ்சும், தன் வாசனையைப் புகையிலைக்குக் கொடுக்கும்.

இப்போது ஈரம். ஜாடி எவ்வளவு நல்லதானாலும் உள்ளே போடுகிற ஈரம் தவறானால் எல்லாம் வீண், ஏனென்றால் நல்ல ஜாடி எதையும் வெளியே விடாது, தவறையும் சேர்த்துத்தான் காப்பாற்றும். நான் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டது இது. 2017ல் ஒரு பவுண்டு உதிரி வர்ஜீனியா வாங்கி அரை கேலன் ஜாடி ஒன்றில் மொத்தமாகக் கொட்டினேன், கொஞ்சம் காய்ந்தது போலத் தோன்றியதால் ஊறவைத்த மண் வில்லை ஒன்றையும் உள்ளே போட்டேன். மாதம் இரண்டு தடவை திறந்து குடிக்க எடுத்தேன், திறக்கிற ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்று, கை, ஸ்பூன். எட்டாவது மாதம் வில்லைக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு வட்டம். தேங்காய் மூடியை ஃபிரிட்ஜில் மறந்துவிட்டால் மேலே வருமே அதே மயிர்ப் பூஞ்சை. மேல் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாமா என்று அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடியாது, பூஞ்சையின் வேரும் விதையும் கண்ணுக்குத் தெரியாமல் முழுக்கப் போயிருக்கும், அதை எரித்து நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. ஒரு பவுண்டையும் குப்பையில் கொட்டினேன். அன்றோடு பெரிய ஜாடியை விட்டேன், சின்ன ஜாடி கெட்டால் 50 கிராமோடு போகும்.

பூஞ்சைக்கும் படிகத்துக்கும் வித்தியாசம் தெரிந்திருந்தால் 2021ல் நான் அவ்வளவு பதறியிருக்க மாட்டேன். படிகம் தட்டையாக, பட்டையின் பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு, சாய்த்தால் மினுங்கும். பூஞ்சை எழும்பி நிற்கும், நூல் நூலாக, மினுங்காது, ஓரிடத்தில் கூட்டமாக இருந்து பக்கத்துக்குப் பரவும். மூக்கும் சொல்லிவிடும், மழைக்காலத்தில் மூட்டைக்குள் நனைந்த துணியின் நாற்றம் வந்தால் அது பூஞ்சை. சந்தேகமிருந்தால் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள், அந்த ஜாடியில் இருப்பது எத்தனை வருட உழைப்பு.

சரியான ஈரத்துக்குக் கைதான் அளவுகோல். ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தி விடுங்கள். உருண்டையாக அப்படியே நின்றால் ஈரம் அதிகம். மொறுமொறு என்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது. அழுத்தினதும் சேர்ந்து, விட்டதும் சோம்பலாக விரிந்தால் அதுதான் பதம், கணக்கில் சொன்னால் 13 சதவீதத்தை ஒட்டின ஈரம். கென்டல் ஃபிளேக் எல்லாம் நல்ல ஈரமாகத்தான் வரும், அந்த ஈரத்தோடே ஜாடிக்குப் போகலாம், பாடத்துக்குக் கொஞ்சம் கூடுதல் ஈரம் உதவும், குடிக்கும் முன் மட்டும் தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். காய்ந்துவிட்ட புகையிலையை மீட்கவும் வழி உண்டு. அகலப் பாத்திரத்தில் பரப்பி, காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியை, புகையிலையைத் தொடாமல், பாத்திரத்தின் வாயில் இழுத்துக் கட்டி, இரவு வைத்துக் காலையில் கிளறிப் பார்க்க வேண்டும், இரண்டு இரவில் உயிர் வந்துவிடும். போன மணம் முழுசாகத் திரும்பாது, ஆனால் குடிக்க முடியும். ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் துண்டு போடச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், அது பூஞ்சைக்கு வைக்கிற விருந்து.

ஜாடியைப் புதிதாக வாங்கினதும் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெந்நீரில் போட்டெடுத்து, கவிழ்த்து வைத்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவிடுங்கள். ஊறுகாய் ஜாடிக்கு வீட்டில் என்ன பக்குவம் பார்ப்பார்களோ அதுதான். புகையிலை போட்ட பிறகு ஜாடியைக் கொதிக்கவைக்கக் கூடாது, சூடு பட்டால் உள்ளே இருக்கிறது வெந்துவிடும். ஜாம் கட்டுகிறவர்கள் தகடு கவ்வினதும் வளையத்தைக் கழற்றிவிடுவார்கள், நாம் கழற்றக் கூடாது, நம் ஜாடியைக் கொதிக்கவைத்து மூடாததால் தகட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது வளையம்தான். தகட்டின் விளிம்பில் ஓடுகிற மெல்லிய ரப்பர் பூச்சு ஒரு தடவை நன்றாகப் பதிந்தால் அந்தத் தகட்டை அடுத்த நீண்ட வைப்புக்குப் போடாமல் புதுத் தகடு போடுங்கள், ஜாடியும் வளையமும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓடும். 2020ல் ஊரே வீட்டிலிருந்து காய்கறி கட்ட ஆரம்பித்ததில் தகடு எங்கேயும் கிடைக்காமல் போனது, அதிலிருந்து இரண்டு பெட்டி தகடு கையிருப்பில் வைத்திருக்கிறேன். பேஸ்மென்ட் ஈரத்தில் தகர வளையம் துருப்பிடிப்பது எந்த ஜாடியானாலும் நடக்கும், தரையில் வைக்காமல் மர அலமாரியில் வைத்த பிறகு எனக்கு அது நின்றது. வெளிச்சம் படக் கூடாது, கண்ணாடி ஜாடியின் ஒரே பலவீனம் அது, வெயில் பட்டால் புகையிலை வெளுத்து மணம் போகும். வாங்கின அட்டைப்பெட்டியிலேயே திரும்ப வைத்து அலமாரிக் கதவை மூடிவிட்டால் பிரச்சினை இல்லை. ஹீட்டருக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

அடுப்பில் வைத்துச் சீக்கிரம் பாடம் வரவைக்கலாம் என்று ஒரு வழி உண்டு. கண்ணாடித் தட்டில் புகையிலையைப் போட்டு, அலுமினியத் தாளால் இறுக்க மூடி, ஓவனில் 95 டிகிரி செல்சியஸ் போல நாலு மணி நேரம். வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள் செய்து பார்த்தேன். நிறம் வந்தது, ஒன்பது வருடக் கறுப்பு நாலு மணி நேரத்தில். கார்ப்பும் போய் வட்டமான ஒரு இனிப்பு வந்தது, குடிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தத் திராட்சை இல்லை, புளி இல்லை, ஒரே சுவை தொடக்கத்திலிருந்து கடைசி வரை. மலிவான, கரடுமுரடான வர்ஜீனியாவைச் சரிசெய்ய இது நல்ல வழி. நல்ல சரக்கை ஓவனில் வைக்க எனக்கு மனம் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஜாடி ஜாம் ஜாடி. உள்ளே இருப்பது திராட்சை மணக்கிறது. என் பெண்ணுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு நாள் அலமாரி முன்னால் நின்று "அப்பா, இது கிஸ்மிஸா?" என்று கேட்டாள், கையில் ஜாடி. எனக்கு உடம்பெல்லாம் ஆடிவிட்டது. நிகோடின் குழந்தை வாயில் போனால் விஷம். அன்று சாயந்திரமே அலமாரிக்குப் பூட்டு வாங்கினேன். ஜாடியின் மூடியில் எழுதினால் மூடி மாறிவிடும் என்று கண்ணாடியிலேயே பெரிய எழுத்தில் 'புகையிலை' என்றும், தேதியும், எடையும் எழுதுகிறேன். பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: பத்து வருடம் பாடம் போட்டாலும் புகையிலை செய்கிற கெடுதல் ஒரு துளியும் குறையாது, பைப் பிடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம்.

ஜாடியில் குறை என்று பார்த்தால் இடம். 12 ஜாடி 600 கிராம் புகையிலைக்கு ஒரு தட்டையே எடுத்துக்கொள்கிறது, வீடு மாற்றும்போது கனம், ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்ற வேண்டும். அபார்ட்மென்டில் ஒரு அலமாரியோடு வாழ்கிறவர்களுக்கு இது நிஜமான சிரமம், அவர்கள் வட்ட டின்னாக வாங்கி டின்னிலேயே வைப்பது உத்தமம். பழ உருவமெல்லாம் பொறித்த ஜாடியில் டேப் ஒட்டாது, பக்கம் வழவழப்பாக இருக்கிற வகையைக் கேட்டு வாங்குங்கள். இந்த இரண்டையும் விட்டால் எனக்கு வேறு குறை தெரியவில்லை.

திறந்த ஜாடியை மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுவது என் வழக்கம், அதற்கு மேல் போனால் அந்த உச்ச மணம் இறங்கிவிடுகிறது. ஒன்பதாவதில் இப்போது நாலு பட்டை மிச்சம் இருக்கிறது. அலமாரியில் மூன்று ஜாடி. அடுத்தது 2026 தையில், அதற்கடுத்தது 2027ல், பன்னிரண்டாவதை மட்டும் 2036 வரை தொடுவதில்லை என்று டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.